178எஃப் இன்ஜினில் பயோடீசல்: 5 லிட்டர் தொகுதியும் ரப்பர் ஹோஸும்

சக்கரச் சட்டத்தில் பூட்டிய ஏர் கம்ப்ரசர். அதை ஓட்டுவது 178எஃப் என்ற 296 சிசி, ஏர்கூல்டு, ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின். அதற்காகச் சமையல் எண்ணெயிலிருந்து செய்யும் எரிபொருள்தான் இந்தப் பயோடீசல். (பெட்ரோல் இன்ஜினில் இதை முயல வேண்டாம், பயோடீசல் ஸ்பார்க்குக்குப் பற்றாது.)

பொரித்து மீந்த எண்ணெய் 5 லிட்டர். துணியில் வடித்து, சடசடப்பு அடங்கும்வரை 110 டிகிரியில் காய்ச்சியாயிற்று. ஈரம் மிஞ்சினால் கிடைப்பது எரிபொருள் அல்ல, சோப்பு.

அடுத்தது டைட்ரேஷன், அதாவது எண்ணெயின் அமிலத்தன்மையை அளக்கும் சோதனை. 1 லிட்டர் வாலை வடிநீரில் 1 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. 10 மில்லி ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் 1 மில்லி எண்ணெய், சில சொட்டு ஃபினாஃப்தலீன் (நிறம் மாறிக் காட்டும் திரவம்). ஹைட்ராக்சைடு கரைசலை இதில் சொட்டுச் சொட்டாக விட, 2 மில்லியில் இளஞ்சிவப்பு நிலைத்தது. 90 சதவீதச் சுத்தமுள்ள ஹைட்ராக்சைடுக்கு அடிப்படை அளவு லிட்டர் எண்ணெய்க்கு 8 கிராம். சோதனையின் 2 மில்லிக்கு 2 கிராம் கூட்டினால் 10. ஆக 5 லிட்டருக்கு 50 கிராம், மெத்தனால் 1.1 லிட்டர். ஹைட்ராக்சைடை மெத்தனாலில், மூடிய எச்டிபிஇ (கெட்டி பிளாஸ்டிக்) கேனில் கரைக்கவும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, ஹைட்ரஜன் கிளம்பும். கையுறை, கண்ணாடி, திறந்தவெளி. அருகில் தீ இருக்கக் கூடாது.

எண்ணெய் 55 டிகிரிக்கு ஆறியபின் இந்தக் கரைசலைக் கலந்து, மூடியபடியே ஒரு மணி நேரம் கலக்கல். மெத்தனால் 65 டிகிரியில் கொதித்துவிடும் என்பதால் அதற்கு மேல் சூடு வேண்டாம். மறுநாள் அடியில் கரும்பழுப்பாகக் கிளிசரின். அதை வடித்ததும் ஒரு சோதனை: 27 மில்லி மெத்தனாலில் 3 மில்லி பயோடீசல். அடியில் எண்ணெய்த் துளி உருண்டு நின்றால் வினை முடியவில்லை. பிறகு பயோடீசலில் மிஞ்சிய சோப்பைக் கழுவ வேண்டும். முதல் கழுவலில் குலுக்காமல் தண்ணீரை மெல்லத் தெளிக்க வேண்டும். குலுக்கினால் மோர்போல் ஒன்றாகிவிடும், பிரிக்க உப்பு போட வேண்டியிருக்கும். கழுவியதைச் சூடாக்கி உலர்த்தி, பாட்டிலின் பின்னால் அச்செழுத்து தெளிவாகத் தெரிந்த பிறகே டேங்க்.

உண்மையான தொல்லை இன்ஜின் பக்கம்தான். சாதாரண ரப்பர் ஹோஸ் பயோடீசலில் ஊறிப் பருத்து, நகத்தால் கிள்ளினால் பிசுபிசுக்கும். டேங்கிலிருந்து ஃபில்டர், பம்ப் வரையும், இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயும் வைட்டானுக்கு (எரிபொருளைத் தாங்கும் செயற்கை ரப்பர்) மாற வேண்டும், ஓ-ரிங்கும்தான். பித்தளை டேங்க் காக் எரிபொருளைச் சீக்கிரம் கெடுக்கும், ஸ்டீல் நல்லது.

தொடக்கம் 20 சதவீதக் கலவையில், மீதி சாதா டீசல். பழைய டேங்கில் படிந்த கசடை பயோடீசல் கரைத்து இழுத்து வரும். லோடு கொடுத்தவுடன் வேகம் ஏறி இறங்கித் தள்ளாடினால், இன்ஜெக்டரைக் கழற்றுமுன் ஃபில்டரைப் பாருங்கள். மாற்றியபின் பம்ப் யூனியனை (குழாய் பம்பில் சேரும் நட்டை) தளர்த்தி, குமிழி நிற்கும்வரை காற்றை வெளியேற்றவும். வண்டியை நகர்த்தும்போது டேங்க் அடிக்கசடு கலங்கும் என்பதால், அரை மணி நேரம் நிற்கவிட்டு அடிநீரை வடித்த பிறகே ஸ்டார்ட்.

லோடு இல்லாமல் நெடுநேரம் ஓட விடக் கூடாது. எரியாத பயோடீசல் சிலிண்டர் சுவர் வழியே இன்ஜின் ஆயிலில் இறங்கும், டீசல்போல் ஆவியாகிப் போகாது. டிப்ஸ்டிக்கில் மட்டம் ஏறியிருந்தால் மகிழ வேண்டாம், ஆயிலை மாற்றுங்கள். மாற்றும் இடைவெளியும் பாதியாகக் குறையட்டும். பல வாரம் நிறுத்துவதானால், கடைசிப் பத்து நிமிடம் சாதா டீசலில் ஓட்டி நிறுத்தினால் பம்ப் ஒட்டிக்கொள்ளாது.