அத்தோவுக்குப் பூண்டு எண்ணெய்: கசப்பு ஒருவழியாகப் போனது

பூண்டு கசக்காமல் வந்துவிட்டது. சீவல் எல்லாம் வெளிர்ப் பொன் நிறத்தில் இருக்கிறது, விரலால் அழுத்தினால் நொறுங்குகிறது, எண்ணெயைத் திறந்தால் பூண்டு வாசம் மட்டும் வருகிறது, கருகல் இல்லை. சென்னையில் பர்மாவிலிருந்து வந்த தமிழர்கள் விற்கிற நூடுல்ஸ் கலவையான அத்தோவை வீட்டில் செய்தே தீருவது என்று எங்கள் கூட்டம் கிளம்பி வெகு காலம் ஆகிறது. நூடுல்ஸ் இன்னும் சொன்னபடி கேட்கவில்லை, சூப் பரவாயில்லை, புளித்தண்ணீர் எப்போதோ பிடிபட்டுவிட்டது. பூண்டு எண்ணெய்தான் ஆட்டம் காட்டிக்கொண்டிருந்தது. அத்தோவில் பாதி அந்த எண்ணெய்தான் என்பது என் கட்சி. இல்லை, மேலே நொறுக்கிப் போடும் தட்டைதான் என்று சொல்லும் நண்பன் ஒருவன் இருக்கிறான். அவனைப் பிறகு கவனித்துக்கொள்ளலாம்.

சாயங்காலம் வேலை முடிந்து கடற்கரை ரயில் நிலையத்தில் இறங்கி, பர்மா பஜாரைத் தாண்டி செகண்ட் லைன் பீச் ரோட்டுக்குப் போவது எங்கள் வழக்கம். எல்லாரும் ஒரே அயிட்டம் வாங்கினால் வயிற்றில் இடம் வீண். அதனால் ஒருவர் அத்தோ, ஒருவர் மொய்ங்கா என்ற நூடுல்ஸ் சூப், ஒருவர் பேஜோ என்ற மொறுமொறு அயிட்டம் என்று வாங்கித் தட்டுகளைச் சுற்றில் விடுவோம். முட்டை மசாலா மட்டும் ஆளுக்கு ஒன்று, அதில் பங்கு கிடையாது. எங்களில் ஒருவர் சுத்த சைவம். "அண்ணே, சூப்புல மீன் போடுவீங்களா?" என்று கடைக்குக் கடை கேட்டுவிட்டுத்தான் கிண்ணத்தைத் தொடுவார். அவர் கேட்கிற கேள்விகளால்தான் எங்களுக்கு இந்தச் சமையலில் பாதி தெரியவந்தது. எண்ணெய் எது, மாவு எது, எதில் ஊற வைத்தது என்று தோண்டித் துருவாமல் விடமாட்டார். தெரிந்த கடைகளில் இப்போது அவரைப் பார்த்ததும், "போடல தம்பி, வெறும் வாழைத்தண்டுதான்" என்று அவர்களே முந்திக்கொள்கிறார்கள்.

கூட்டம் இல்லாத நேரமாகப் போனால் பேச்சு எப்படியும் ரங்கூனுக்குப் போய்விடும். 1962இல் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்ததும், அடுத்த ஓரிரு ஆண்டுகளில் வங்கியிலிருந்து சில்லறைக் கடை வரை அரசுடைமை ஆனதும், தலைமுறைகளாக அங்கே இருந்த தமிழர்கள் கப்பலேறி மதராஸில் வந்து இறங்கியதும் இவர்களுக்கு வீட்டுக் கதை. வந்தவர்களின் பிழைப்புக்காகத் துறைமுகத்தை ஒட்டி 1969இல் வந்ததுதான் பர்மா பஜார். வியாசர்பாடிப் பக்கம் குடியேறியவர்களும் நிறைய, அங்கேயும் நல்ல அத்தோ கிடைக்கும். பர்மாவில் மொய்ங்கா காலைப் பலகாரம். இங்கே வந்து அது சாயங்காலத் தள்ளுவண்டிச் சாப்பாடு ஆகிவிட்டது. அங்கே கெளுத்தி மீன் போட்டுக் காய்ச்சுகிற சாறு, இங்கே பல கடைகளில் மீனே இல்லாமல் வாழைத்தண்டு சூப்பாக நிற்கிறது. குறை சொல்லவில்லை. நம் சைவ நண்பர் பிழைப்பதே அதனால்தான்.

சரி, பூண்டு.

வீட்டில் பூண்டு வறுக்காதவர்கள் யாரும் இல்லை. ஆனால் குழம்புக்கு வதக்குவது வேறு, அத்தோவுக்கு வறுப்பது வேறு. குழம்பில் பூண்டு கொஞ்சம் தூக்கலாகச் சிவந்தால் புளியும் காரமும் அதை மூடிவிடும். அத்தோவில் ஒளிய இடமே இல்லை. பச்சைக் கோஸ், பச்சை வெங்காயம், வேகவைத்த நூடுல்ஸ், இவற்றின் மேல் நேராக இந்த எண்ணெய் விழுகிறது. நாலைந்து சீவல் கருகியிருந்தாலும் தட்டு முழுக்கக் கசக்கும். பூண்டில் சர்க்கரைச் சத்து அதிகம். பெரும்பாலும் ஃப்ரக்டான் வகை. அதனால்தான் அது வெங்காயத்தைவிடச் சட்டென்று நிறம் மாறுகிறது. பொன் நிறத்துக்கும் கருகலுக்கும் நடுவே கரண்டி தேடக்கூட நேரம் இருக்காது.

இந்தச் சிக்கலை நாங்கள் வழக்கமாக நிற்கும் கடை அக்காவிடம் சொன்னதற்கு, தட்டில் கோஸைப் போட்டுப் பிசைந்துகொண்டே இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டார். "நிறம் வந்துச்சான்னு பாத்துக்கிட்டு நிக்காதீங்க தம்பி, சத்தத்தைக் கேளுங்க. அப்புறம், அடுப்ப அணைச்சிட்டு எடுக்காதீங்க, எடுத்துட்டு அணைங்க."

இந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் காரியம் கைகூடியது.

சத்தம் என்று அவர் சொன்னது தண்ணீர். சீவலுக்குள் ஈரம் இருக்கும் வரை எண்ணெயில் சடசடவென்று நுரை கட்டும். அந்த ஈரம் ஆவியாகிற வரைக்கும் சீவலின் சூடு 100 டிகிரியைச் சுற்றியே நிற்கிறது, சிவப்பதற்கு வழியில்லை. ஈரம் தீர்ந்ததும் குமிழ் அடங்கும், சத்தம் தணியும், சூடு விறுவிறுவென்று ஏறும். நிறம் மாறுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆக, கண்ணுக்குப் பொன் நிறம் தெரியும் முன்பே காது சொல்லிவிடுகிறது. சமையலறையில் பாட்டு ஓடினால் இது நடக்காது. புகைபோக்கி விசிறியையும் அணைத்துவிட வேண்டும். வீட்டில் இருப்பவர்களின் முணுமுணுப்பைத் தாங்கிக்கொள்ளுங்கள்.

காய்ந்த எண்ணெயில் பூண்டைக் கொட்டினால் வெளிப்புறம் சிவந்து உள்ளே ஈரம் தங்கிவிடும். ஆறியதும் ரப்பர் மாதிரி இழுக்கும். ஆறிய எண்ணெயிலேயே பூண்டைப் போட்டு, பிறகு அடுப்பைப் பற்றவைத்துச் சிறு தீயில் வைத்தால் ஈரம் நிதானமாக வெளியேறுகிறது. 100 கிராம் பூண்டுக்கு 250 மில்லி கடலை எண்ணெய். சட்டியின் அகலத்தைப் பொறுத்துக் கால் மணி நேரம் பிடிக்கும். நடுவில் ஜல்லிக்கரண்டியால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஒட்டிய இடம் வெந்தும் மற்ற இடம் கருகியும் கிடக்கும்.

அணைப்பது பற்றிச் சொன்னதற்கும் காரணம் உண்டு. எண்ணெயிலிருந்து எடுத்த பிறகும் சீவலில் இருக்கிற சூடு அதை இன்னும் கொஞ்சம் சிவக்க வைக்கும். வேண்டிய நிறம் சட்டியிலேயே வந்துவிட்டால், தட்டுக்கு வரும்போது அது அடுத்த நிறத்துக்குப் போயிருக்கும். ஆகவே வைக்கோல் நிறத்திலேயே எடுத்துவிட வேண்டும், பார்த்தால் 'இன்னும் ஆகவில்லையே' என்று மனசு சொல்கிற கட்டத்தில். இரும்புச் சட்டி வைத்திருப்பவர்கள் கூடுதலாக உஷார். தீயை அணைத்தாலும் இரும்பு விடாது, அது பாட்டுக்கு வறுத்துக்கொண்டே இருக்கும். நான் எவர்சில்வர் வடிகட்டியை ஒரு பாத்திரத்தின் மேல் முன்கூட்டியே வைத்துவிட்டு, சத்தம் தணிந்து லேசாக நிறம் தட்டியதும் சட்டியை அப்படியே தூக்கி அதில் கவிழ்த்துவிடுகிறேன். ஜல்லிக்கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளினால் கடைசியில் மிஞ்சுகிற சீவல்கள் அதற்குள் பலியாகிவிடும். சூடான எண்ணெய், கையில் துணி பிடித்துக்கொள்ளுங்கள், குழந்தைகளை விரட்டிவிடுங்கள்.

சீவுவதில் சமரசமே கூடாது. தட்டிப் போடுவதும் நசுக்குவதும் இதற்கு ஆகாது. சிறியதும் பெரியதுமாக இருந்தால் சிறியவை கருகும்போதுதான் பெரியவை வேகத் தொடங்கும். சிப்ஸ் சீவுகிற கட்டையில் மெல்லிசாகச் சீவி, ஒருமுறை தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி எடுத்தால் மேலே ஒட்டியிருக்கும் பிசுக்கு போய்விடும். அந்தப் பிசுக்குதான் முதலில் கருகுவது. விரல் நுனியைக் காப்பாற்றிக்கொள்ள முள் கரண்டியில் பல்லைக் குத்திப் பிடித்துச் சீவலாம்.

பூண்டு எங்கே வாங்குவது என்பது தனிப் புலம்பல். உரித்துப் பொட்டலம் போட்டு விற்கிறார்களே, அதை ஒரு பெரிய கடையில் வாங்கிப் பார்த்தோம். பிரித்ததும் புளித்த வாடை, பல் எல்லாம் வழவழவென்று இருந்தது. வறுத்தால் கால் மணி கழித்தும் நுரை அடங்கவில்லை. கொடைக்கானல் மலைப்பூண்டு வாசத்தில் ராஜாதான். ஆனால் அதன் விலைக்கும் குணத்துக்கும் வறுத்துத் தின்பது அநியாயம், ரசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கொத்தவால்சாவடியில் மத்தியப் பிரதேசத்திலிருந்து வருகிற பெரும்பல் பூண்டு கிடைக்கிறது. உரிக்க லேசு, சீவவும் கட்டைக்கு வாகாக இருக்கிறது. அறுவடை முடிந்த கையோடு வருகிற புதுப்பூண்டில் ஈரம் அதிகம், அதற்கு நேரம் கூடுதலாகப் பிடிக்கும். தோல் சலசலக்கிற அளவுக்குக் காய்ந்த பழைய பூண்டே மேல். 1996இல் காய்கறி மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போன பிறகும் சாவடிச் சந்துகளில் நெரிசல் குறைந்தபாடில்லை. மூட்டைச் சுமை வரும்போது சுவரோடு ஒட்டிக்கொள்ளத் தெரிந்தவர்கள் மட்டும் கூட வரலாம்.

எண்ணெயை வடித்து ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைக்கிறேன். பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு வெளியில் வைத்தால் போட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சு வர வாய்ப்புண்டு. வறுத்ததில் அந்தப் பயம் குறைவு என்றாலும் வம்பு எதற்கு? சீவலை மட்டும் காற்றுப் புகாத டப்பாவில் தனியாக வைக்க வேண்டும். எண்ணெயில் ஊறினால் மொறுமொறுப்பு போய்விடும். (சீவலில் பாதி, டப்பாவுக்குப் போகும் முன்பே வீட்டில் காணாமல் போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.)

இனி நூடுல்ஸ். இங்கேதான் மாட்டிக்கொண்டு நிற்கிறோம். கடையில் ஆரஞ்சு நிறத்தில் தடிமனாக ஒன்று வருகிறதே, புளித்தண்ணீரும் எண்ணெயும் ஊற்றிக் கையால் பிசைந்த பிறகும் விறைப்பு குறையாமல் நிற்கும். பாக்கெட் நூடுல்ஸ் அப்படி நிற்பதில்லை. அரைகுறையாக வேகவைத்து, பச்சைத் தண்ணீரில் அலசி, எண்ணெய் தடவிப் பரப்பி வைத்தாலும், புளி பட்ட கொஞ்ச நேரத்தில் துவண்டுவிடுகிறது. நிறம் எனக்கு வேண்டாம், அது வெறும் கலர்ப்பொடி. விறைப்புதான் வேண்டும்.

சீன, ஜப்பானிய மஞ்சள் நூடுல்ஸ்களில் மாவோடு கார உப்பு சேர்க்கிறார்கள். சோடியம் கார்பனேட், பொட்டாசியம் கார்பனேட் வகை. அது கோதுமையின் பசைத்தன்மையை இறுக்கி, இயல்பாகவே ஒரு மஞ்சள் நிறத்தையும் கொடுக்கிறது. இதைப் படித்தபோது சைவ நண்பர்தான் கேட்டார்: "அப்பளக்காரமும் அதே சாதிதானே?" அதே சாதிதான். சமையல் சோடாவை ஓவனில் 120 டிகிரியில் ஒரு மணி நேரம் சுட்டாலும் சோடியம் கார்பனேட் கிடைக்கும். ஆனால் நாட்டு மருந்துக் கடையில் அப்பளக்காரம் கிடைக்கிற ஊரில் அது எதற்கு? கால் கிலோ மைதாவுக்கு அரை ஸ்பூன் அப்பளக்காரம், தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு ஊற்றிப் பிசைந்திருக்கிறேன். மாவு கல் மாதிரி இருக்கிறது. லேசாக மஞ்சள் தட்டியிருக்கிறது, அது நல்ல சகுனம். முறுக்கு அச்சில் பிழிவதா, சப்பாத்தியாகத் தேய்த்துக் கத்தியால் வெட்டுவதா என்பதில் வாக்குவாதம் நடக்கிறது. இந்த இறுக்கத்துக்கு அச்சு உடையும் என்று நான் சொல்கிறேன். அச்சு என் அம்மாவுடையது என்பதால் என் பேச்சு எடுபடலாம்.

இதற்கிடையில், அத்தோவையே முடிக்காமல் அடுத்த திட்டம் கிளம்பிவிட்டது. மீன் போட்ட மொய்ங்கா. கெளுத்தி, எலுமிச்சைப்புல், இஞ்சி, வாழைத்தண்டு, சாறு கெட்டியாவதற்கு வறுத்த அரிசிப்பொடியும் கடலைமாவும். எலுமிச்சைப்புல் நண்பனின் மொட்டைமாடித் தொட்டியில் புதர் மண்டிக் கிடக்கிறது. பர்மாக்காரர்கள் காய்ந்த இறால் பொடியை அத்தோ மாதிரியான கலவைகளில் தூவுவார்கள். நம் சென்னாக்குன்னியை வறுத்துப் பொடித்தால் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும் என்பது என் கணிப்பு. சைவ நண்பருக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி என்று ஒப்பந்தம் ஆகிவிட்டது. வாழைத்தண்டில் நார் எடுக்கும் வேலை அவர் பொறுப்பு, மறுபேச்சு இல்லை. கெளுத்தி வாங்கி வருவது யார் என்பதில்தான் இழுபறி. விடியற்காலையில் சிந்தாதிரிப்பேட்டை மீன் அங்காடிக்குப் போக வேண்டும் என்றதும், தட்டைக் கட்சிக்காரன் உட்பட அத்தனை பேருக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து ஊரில் ஏதோ விசேஷம் வந்துவிடுகிறது.