ரெண்டு மணி டோஸ்

2025 மே 4, ஞாயித்துக்கிழமை. நைட் டியூட்டி முடிச்சு ஹேண்டிங் ஓவர் குடுத்துட்டு வெளிய வரும்போதே எட்டரை ஆயிடுச்சு, ரூமுக்குப் போய் படுத்தா சாயங்காலம்தான் எந்திரிப்பேன்னு தெரியும், அதனால யூனிஃபார்ம் மேலயே ஒரு துப்பட்டாவ சுத்திக்கிட்டு நேரா பூசைக்குப் போய்ட்டேன். கடைசி பெஞ்ச், தூண் ஓரம். நைட் பாக்குற நர்ஸுங்களுக்கு கோயில்ல அந்த இடம்தான் சரி, சாஞ்சுக்கலாம். முதல் வாசகம் என்னன்னு கேட்டீங்கன்னா சத்தியமா தெரியாது. நற்செய்திக்கு எல்லாரும் எந்திரிச்சாங்க, நானும் எந்திரிச்சு நின்னபடியே கண்ண மூடிட்டேன், அப்ப ஃபாதர் வாசிச்ச ஒரு வரி மட்டும் உள்ள போய் விழுந்துச்சு. "பிள்ளைகளே! மீன் ஒன்றும் படவில்லையா?"

தூக்கம் போயிருச்சு.

எனக்கு ஊரு தூத்துக்குடி பக்கம் ஒரு கடற்கரை கிராமம், அப்பா நாட்டுப்படகுல தொழிலுக்குப் போனவர். எங்க பக்கம் பிடிச்சுட்டு வர்ற மீனுக்கு பாடுன்னு பேரு. "இன்னைக்கு பாடு எப்படி", "ஒரு வாரமா பாடே இல்ல", இப்படித்தான் பேச்சு. தவக்காலத்துல சிலுவைப்பாதை சொல்லும்போது ஆண்டவர் பட்டதுக்கும் பாடுன்னுதான் பேரு, அதனால சின்ன வயசுல "ஆண்டவருடைய பாடுகள்"னு கேக்கும்போதெல்லாம் அவருக்கு நெறைய மீன் கெடச்சிருக்கு போலன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். சொன்னா எங்க அம்மா இன்னைக்கும் சிரிப்பாங்க.

பாடு இல்லாம வர்ற படகு தூரத்துலயே தெரியும். ஆளுங்க பேச மாட்டாங்க, வலைய மடிக்கிற வேகமே வேற மாதிரி இருக்கும். கரையில நிக்கிறவன் யாராவது "என்ன, ஒண்ணும் படலையா"ன்னு கேட்டா அன்னைக்கு சண்டைதான். அம்மா மட்டும் கேக்கவே மாட்டாங்க. அப்பா தலைச்சுமை இல்லாம நடந்து வர்றத பாத்தாலே தெரிஞ்சுரும், கால் கழுவ நல்ல தண்ணி, பழைய கஞ்சி, தணல்ல வாட்டுன கருவாடு ஒரு துண்டு, உப்பு. அப்பா குடிச்சு முடிச்சு வாய் கொப்பளிச்சதுக்கு அப்புறம்தான் டீசலுக்கு எவ்வளவு கடன்ங்கிற கணக்கெல்லாம் வரும். கணக்கு வராம போகாது, ஆனா கஞ்சிக்கு முன்னாடி வராது.

அன்னைக்கு வாசிச்ச யோவான் நற்செய்தி 21ஆம் அதிகாரமும் அப்படித்தான் இருக்குன்னு அன்னைக்கு தூண்ல சாஞ்சு நின்னப்பதான் எனக்கு உறைச்சுது. இயேசுவோட சீடருங்க ஏழு பேரு ராத்திரி முழுக்க வலை போட்டு ஒண்ணும் இல்லாம வர்றாங்க, அதுலயும் பேதுரு வேற ஒரு பெரிய தப்ப பண்ணிட்டு மனசு செத்துப் போயிருக்கிற ஆளு. கரையில நிக்கிறது உயிர்த்தெழுந்த இயேசுன்னு அவங்களுக்குத் தெரியல. வலதுபக்கம் போடச் சொல்றாரு, போடுறாங்க, 153 பெரிய மீன் விழுது. எல்லாரும் அந்த 153ஐத்தான் பிரசங்கம் பண்ணுவாங்க. நான் சொல்ல வர்றது அது இல்ல. இவங்க மீன இழுத்துட்டு கரைக்கு வந்தா அங்க ஏற்கனவே கரி நெருப்பு போட்டிருக்கு, அது மேல மீன் இருக்கு, அப்பம் இருக்கு. இவங்க பிடிச்ச மீன்ல கொஞ்சம் கொண்டுவரச் சொல்றாரு, அது சரி, ஆனா நெருப்புல இருக்கிற மீன் இவங்க பிடிச்சது இல்ல.

இனி என் வார்டு கதைக்கு வர்றேன், இத எழுத உக்காந்ததே அதுக்குத்தான்.

நான் பாக்குறது கேன்சர் முத்திப்போனவங்களுக்கான வார்டு. இங்க யாரையும் குணப்படுத்தி அனுப்புறது கிடையாது, வலி இல்லாம வச்சுக்கிறதுதான் வேலை. லண்டன்ல 1967ல செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ்னு ஒரு ஹாஸ்பிஸ், அதாவது சாகப்போறவங்கள வலி இல்லாம பாத்துக்கிற இல்லம், ஆரம்பிச்சாங்களே சிசிலி சாண்டர்ஸ், அவங்களும் நர்ஸா இருந்தவங்கதான், அப்புறம் சமூக சேவை, அப்புறம் டாக்டருக்குப் படிச்சாங்க, தீவிரமான கிறிஸ்தவ விசுவாசி. அவங்க அடிச்சு சொன்ன விஷயம் ஒண்ணு உண்டு, வலி வந்து ஆளு கத்துனதுக்கு அப்புறம் மார்ஃபின் குடுக்காத, வலி வர்றதுக்கு முன்னாடியே கடிகாரத்த பாத்துக் குடு. மாத்திரையோட வேலை நாலு மணி நேரம், அது இறங்குறதுக்குள்ள அடுத்தது உள்ள போயிருக்கணும். காலையில ஆறு, பத்து, மத்தியானம் ரெண்டு, சாயங்காலம் ஆறு, ராத்திரி பத்து, நடுராத்திரி ரெண்டு. நெறைய பேருக்கு பத்து மணிக்கு டபுள் டோஸ் குடுத்துட்டு ரெண்டு மணிய விட்டுருவோம், தூங்கட்டும்னு. மருந்துன்னு சொன்னா சும்மா எடுத்துக் குடுக்கிறது இல்ல, பூட்டுக்குள்ள பூட்டு, ரெஜிஸ்டர்ல ஒவ்வொரு மாத்திரைக்கும் கையெழுத்து. 1985ல வந்த போதைப்பொருள் சட்டத்துக்கு அப்புறம் பல ஊர்ல வலியில சாகுறவங்களுக்குக்கூட மார்ஃபின் கெடைக்காம இருந்துச்சு, 2014ல சட்டத்த திருத்துன பிறகுதான் கொஞ்சம் வழி விட்டாங்க. கூடவே மலம் இளக மருந்தும் குடுக்கணும், இல்லன்னா வலிய தீர்த்துட்டு வேற நரகத்துல தள்ளிருவோம்.

2018ல நான் வேலைக்கு சேந்து ரெண்டாவது வருஷம். ஒரு பழைய லாரி டிரைவர் ஐயா அட்மிட் ஆகியிருந்தாரு, முதுகெலும்புல பரவியிருந்துச்சு. அவருக்கு டபுள் டோஸ் ஒத்துக்கல, குழப்பமா பேச ஆரம்பிச்சுட்டாரு, அதனால ரெண்டு மணிக்கும் எழுதியிருந்தாங்க. அன்னைக்கு நைட் நாங்க ரெண்டு நர்ஸ், ஒரு ஆயாம்மா, எனக்கு அது தொடர்ந்து ஆறாவது நைட். ஒண்ணரை மணி இருக்கும், கடைசி ரூம்ல இருந்த ஒரு பையனுக்கு கழுத்துப் புண்ணுலேர்ந்து ரத்தம் பீச்சிருச்சு. இதுக்குன்னே எங்க வார்டுல அடர் கலர் டவல் தனியா மடிச்சு வச்சிருப்போம், வெள்ளத் துணியில ரத்தத்த பாத்தா வீட்டு ஆளுங்க இன்னும் பதறிருவாங்க, அடர் பச்சையில அவ்வளவா தெரியாது. டவல வச்சு அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு சிஸ்டர் ஊசி போட, ஆயாம்மா அவன் அம்மாவ தோளோட அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு, அவன் ரொம்ப நேரம் தாங்கல. அப்புறம் டாக்டர், பேப்பர் வேலை, உடம்பு துடைச்சு சட்டை மாத்தி விடுறது. கை கழுவிட்டு வெளிய வந்து மணிய பாத்தா நாலே முக்கால்.

சார்ட்ட எடுத்தா அந்த ரெண்டு மணி கட்டம் காலி.

ஓடுனேன். அந்த ஐயா படுக்கல, கட்டில் ஓரத்துல குனிஞ்சு உக்காந்து தலையணைய வயித்தோட சேத்து அமுக்கிப் பிடிச்சிருக்காரு, சட்டை முதுகோட ஒட்டி ஈரம். அவர் சம்சாரம் முதுகத் தேய்ச்சு தேய்ச்சு கை ஓஞ்சு போய், தேய்க்காம சும்மா கைய வச்சுக்கிட்டு இருந்தாங்க. பெல் அவர் கைக்கு எட்டுற இடத்துலதான் இருந்துச்சு. ஏன் ஐயா அடிக்கலன்னு கேட்டேன். "நீங்க ஓடுறத பாத்துக்கிட்டுதான் இருந்தேன் சிஸ்டர். அந்தப் பையனுக்கு ஒண்ணுமில்லையே?"

நான் பதில் சொல்லல. அந்தம்மா என்னை பாத்தாங்க, திட்டவே இல்ல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

ஏழரைக்கு இன்சார்ஜ் சிஸ்டர் வந்தாங்க, நாகர்கோவில்காரங்க, கறார்னா அப்படி ஒரு கறார், ட்ரேல ஒரு பஞ்சு இடம் மாறி இருந்தாலும் கேள்வி. நானே போய் சொன்னேன், ரெண்டு மணி டோஸ் மிஸ் பண்ணிட்டேன், ரெண்டே முக்கா மணி நேரம் லேட். அவங்க சார்ட்ட பாத்தாங்க, என்னை பாத்தாங்க. என் யூனிஃபார்ம் கையில அந்தப் பையனோட ரத்தம் காஞ்சு போய் இருந்துச்சு, அப்பதான் நானே கவனிச்சேன்.

"சாப்பிட்டியா மக்கா?"

இல்ல சிஸ்டர்னேன். நேத்து சாயங்காலம் ரெண்டு பன் தின்னதுதான். டிரெஸ்ஸிங் ரூமுக்குள்ள கூட்டிட்டுப் போய் ஸ்டூல்ல உக்கார வச்சு அவங்க டிஃபன் பாக்ஸ தொறந்து வச்சாங்க, புட்டும் பயறும், ஓரத்துல நசுங்குன ஒரு பப்படம். மூணு தடவை சோப்பு போட்டும் கையில ஸ்பிரிட் வாசனை போகல, அந்த வாசனையோடவே பிசைஞ்சு தின்னேன். அவங்க எதிர்ல நின்னு ஒண்ணும் பேசல. பாதியில அழுகை வந்துருச்சு, புட்டு தொண்டையில அடைச்சு இருமி, தண்ணிய நீட்டுனாங்க. நான் முடிச்சு பாக்ஸ கழுவப் போனப்ப அத வாங்கி வச்சுட்டு ஒரு ஃபார்ம எடுத்து என் முன்னாடி போட்டாங்க. "சரி, இப்ப எழுது. எத்தன மணிக்கு உனக்குத் தெரிஞ்சது, டாக்டர்கிட்ட எப்ப சொன்ன, இனிமே இது நடக்காம இருக்க என்ன பண்ணப் போற. எழுதிட்டு அந்த ஐயாகிட்ட நீயே போய் மன்னிப்பு கேளு, நான் வரமாட்டேன்."

ஒண்ணையும் மழுப்பல பாருங்க. மேல ரிப்போர்ட் போச்சு, எனக்கு மெமோவும் வந்துச்சு, ஆறு நைட் தொடர்ந்து போட்ட ரோஸ்டர பத்தி மட்டும் மேல இருந்த யாரும் கேக்கல, அது வேற கதை.

பூசையில அன்னைக்கு இதுதான் ஞாபகம் வந்துச்சு. சீடருங்க சாப்பிட்டு முடிச்ச பிறகுதான் இயேசு பேதுருகிட்ட பேச்ச எடுக்கிறாரு, மூணு தடவை கேக்குறாரு, உனக்கு என்மேல அன்பு இருக்கான்னு. இயேசுவ பிடிச்சுட்டுப் போன ராத்திரி பேதுரு அவரைத் தெரியாதுன்னு மூணு தடவை சொன்னதும் ஒரு கரி நெருப்புக்குப் பக்கத்துலதான், குளிருக்குக் கை காய்ச்சுக்கிட்டு நின்னப்ப. கரி நெருப்புங்கிறதுக்கு யோவான் போட்டிருக்கிற கிரேக்க வார்த்தை புதிய ஏற்பாட்டுலயே அந்த ரெண்டு எடத்துல மட்டும்தான் வருதாம். அந்தப் புகை வாசனை மூக்குல ஏறும்போதே பேதுருவுக்கு வயித்த பெசஞ்சிருக்கும். ஆனாலும் முதல்ல அப்பமும் மீனும். ராத்திரி முழுக்க முழிச்சு வெறுங்கையோட வந்தவன்கிட்ட பசியோட இருக்கும்போது கேட்டா எந்தக் கேள்வியும் திட்டுற மாதிரிதான் கேக்கும்.

இத ஏன் இவ்வளவு சொல்றேன்னா, எங்க வார்டுக்கு ஜெபிக்க வர்றவங்கள்ல சில பேர பாத்து எனக்கு வர்ற கோவம் கொஞ்ச நஞ்சம் இல்ல. எல்லாரும் இல்ல, சில பேரு. வந்து நின்னதும், "விசுவாசம் மட்டும் இருந்தா எந்திரிச்சு நடப்பீங்க" அப்படின்னுட்டு ஆப்பிள் வச்சுட்டுப் போயிருவாங்க. அவங்க போன பிறகு அந்த பேஷன்ட் சுவத்த பாத்து திரும்பிப் படுத்துக்கும், வலியோட இப்ப குத்த உணர்ச்சியும் சேந்துக்கும், அதுக்கு எந்த மாத்திரைய குடுக்கிறது? பைபிள்ல எல்லாத்தையும் இழந்து நின்ன யோபுவோட சிநேகிதங்க முதல் ஏழு நாள் ராவும் பகலும் தரையில சும்மா கூட உக்காந்திருந்தாங்க, அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்தாங்க, வாயத் தொறந்த பிறகுதான் கெட்டுச்சு.

கூட்டத்த பாத்து இயேசு பரிவு கொண்டார்னு மத்தேயு எழுதுற எடத்துல இருக்கிற கிரேக்கச் சொல்லு குடல், ஈரல் மாதிரி உள் உறுப்புங்கள சொல்ற வார்த்தையிலேர்ந்து வந்ததுன்னு ஒரு தியானத்துல ஃபாதர் சொன்னாரு. இரக்கத்துக்கான எபிரேயச் சொல்லு கருப்பைங்கிற வார்த்தையோட சேந்ததாம். எங்க ஊர் அம்மாமாருக்கு இத விளக்கவே வேணாம், படகு திரும்பலன்னா "வயிறு பதறுது", பிள்ளைக்கு ஒண்ணுன்னா "பெத்த வயிறு"ன்னுதான் சொல்லுவாங்க. அந்தப் பையன் போன ராத்திரி அவன் அம்மா நெஞ்சுல அடிச்சுக்கல, வயித்தப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்க. கடவுளுக்கும் அப்படி ஒரு வயிறு இருக்குன்னு நம்புறதாலதான் என்னால இந்த வார்டுல வேலை பாக்க முடியுது. ஏன் அந்தப் பையன காப்பாத்தலன்னு கேட்டா எங்கிட்ட பதில் இல்ல, இருக்கிற மாதிரி நடிக்கவும் மாட்டேன்.

அந்த ஐயாகிட்ட மன்னிப்பு கேக்கப் போனப்ப அவரு நல்லா தூங்கிட்டு இருந்தாரு, மருந்து வேலை செஞ்சிருச்சு. அந்தம்மா தரையில பாய் விரிச்சு உக்காந்திருந்தாங்க. என் தப்புத்தாம்மான்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல, அப்புறம், "தூங்குறாரு, சத்தம் போடாத"ன்னாங்க. அவ்வளவுதான். மன்னிச்சாங்களா இல்லையான்னு இன்னை வரைக்கும் எனக்குத் தெரியாது. பன்னெண்டு நாள் கழிச்சு ஐயா போய்ட்டாரு, வலி இல்லாம, பகல்ல.

சரி, அந்த ஞாயித்துக்கிழமைக்கு வர்றேன். பூசை முடிஞ்சு அப்பாவுக்கு போன் போட்டேன், அவரும் ஊர்ல அதே நற்செய்தியக் கேட்டுட்டு வந்திருந்தாரு. கரையிலேர்ந்து யாரோ வலதுபக்கம் போடுன்னு சொன்னா நீங்க போடுவீங்களாப்பான்னு கேட்டேன். "கரைமடி வலை இழுக்கிறப்ப கரையில நிக்கிறவன்தானளா மீன் கெடக்கிற எடத்துக்கு கை காட்டுவான், அதுல என்ன இருக்கு"ன்னாரு. அப்புறம் அவரே, "ஏளா, எனக்கு வேற ஒண்ணு தோணுச்சு. இவனுவ கரைக்கு வரும்போதே தணலு இருந்துச்சுன்னு வாசிச்சாருல்ல. கரையில வெறகு பொறுக்கணும், பத்த வைக்கணும், காத்துல அணையாம பாத்துக்கணும், எரிஞ்சு அடங்கி மீன் வைக்கிற பதத்துக்கு தணலாவணும்னா என்ன நேரம் புடிக்கும்? அப்ப இவனுவ கடல்ல கெடந்து சீரழியும்போதே, இருட்டுக்குள்ளயே வந்துட்டாருல்லா."

நான் ஒண்ணும் சொல்லல. சாப்பிட்டியான்னு கேட்டாரு, சாப்பிட்டேன்னு பொய் சொன்னேன், போய் தூங்குன்னு வச்சுட்டாரு.

அன்னைக்கு ராத்திரியும் டியூட்டி. ரெண்டு மணி டோஸ் எழுதியிருந்தது ஒரே ஒரு பாட்டிக்கு. என் போன்ல ஒண்ணே முக்காலுக்கு அலாரம் இருக்கு, 2018லேர்ந்து லீவுல ஊருக்குப் போனாக்கூட அடிக்கும், அம்மா திட்டுவாங்க. அடிச்சுது. சாவிய எடுத்து ரெண்டு பூட்டையும் தொறந்து, மாத்திரைய எண்ணி, ரெஜிஸ்டர்ல எழுதி, கூட இருந்த சிஸ்டர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு தண்ணி டம்ளரோட போனேன். பாட்டி தூங்கிட்டுதான் இருந்தாங்க, முகத்துல இன்னும் வலி வரல. தோள மெதுவா தொட்டேன்.

"அதுக்குள்ள வந்துட்டியா"ன்னாங்க, கண்ணத் தொறக்காம வாயை மட்டும் தொறந்தாங்க.