எஃப்எஃப்டி பட்டனைத் தட்டுவதற்கு முன்னால்

முப்பந்தலில் காற்றாலை கியர்பாக்ஸ்களின் அதிர்வை அளப்பது என் வேலை. பல் உடைந்திருக்கிறதா, பேரிங் போகப் போகிறதா என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். நாகர்கோவில் சுற்றுவட்டாரக் கல்லூரிப் பிள்ளைகள் புராஜெக்டுக்காக வருவார்கள். பதிவான அதிர்வில் எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துப் படமாகக் காட்டும் கணக்குதான் எஃப்எஃப்டி. வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் படத்தை லேப்டாப்பில் திறந்ததும் கேட்பது இதுதான்: "அண்ணே, ஒரே ஒரு முள் வரவேண்டிய இடத்தில் இப்படி மேடு மேடாக வருதே, ஏன்?"

அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதிவைக்கிறேன்.

பழைய வகை மெஷின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான்கு போல் (காந்த முனை) ஜெனரேட்டர், 50 ஹெர்ட்ஸ் கிரிட்; அதனால் அடிப்படை வேகம் 1500 ஆர்பிஎம். மின்சாரம் தரும்போது 1500-ஐவிடக் கொஞ்சம் கூடுதலாக, 1512 ஆர்பிஎம்மில் சுற்றுகிறது என்று வைப்போம். நொடிக்கு 25.2 சுற்று. அந்த ஷாஃப்டின் பினியனில் (சிறிய பல்சக்கரத்தில்) 23 பல் இருந்தால், பல்லோடு பல் கடிக்கும் அதிர்வெண் 579.6 ஹெர்ட்ஸ். படத்தில் பெரிய முள் அங்கேதான் நிற்கும். ஆனால் நான் தேடுவது அதை அல்ல. அதற்கு முந்தைய ஷாஃப்ட் நொடிக்குச் சுமார் 6 சுற்று சுற்றுகிறது. அதன் சக்கரத்தில் ஒரு பல் அடிபட்டிருந்தால் பெரிய முள்ளின் இரண்டு பக்கமும் 6 ஹெர்ட்ஸ் தள்ளிக் குட்டி முட்கள் முளைக்கும். பெரியதில் நூற்றில் ஒரு பங்கு உயரம் இருந்தாலே கவனிக்க வேண்டும்.

நொடிக்கு 2560 சாம்பிள் (அளவீடு) வீதம் 2048 சாம்பிள் எடுக்கிறோம். மொத்தம் 0.8 நொடி. எஃப்எஃப்டி படம் தனித்தனிக் கோடுகளாகத்தான் வரும்; கோட்டுக்குக் கோடு 1.25 ஹெர்ட்ஸ். இந்தத் துண்டு முடிவில்லாமல் திரும்பத் திரும்ப வருவதாகவே எஃப்எஃப்டி கணக்குப் போடும். 579.6-ஐ 1.25-ஆல் வகுத்தால் முழு எண் வராது. எனவே துண்டின் தலையும் வாலும் ஒட்டாது, கைலி மூட்டும்போது கட்டம் கட்டத்தோடு சேராத மாதிரி. அந்த ஒட்டாத மூட்டிலிருந்துதான் லீக்கேஜ் கிளம்புகிறது: முள் பக்கத்துக் கோடுகளுக்கும் கசிந்து மேடாகிறது. நான்கைந்து கோடு தள்ளியும் பெரிய முள்ளின் கசிவு 5, 6 சதவீதம் இருக்கும். நம் 1 சதவீதக் குட்டி முள் அதில் மூழ்கிவிடும்.

இதற்கு மருந்து விண்டோ: துண்டின் ஒவ்வொரு சாம்பிளையும் ஓர் எடையால் பெருக்குவது. அதில் ஒரு வகையான ஹான் விண்டோ துண்டின் இரண்டு முனையையும் மெதுவாகச் சுழிக்கு (பூஜ்யத்துக்கு) இறக்குகிறது. அதே இடத்தில் கசிவு அரை சதவீதத்துக்கும் கீழே போகிறது. குட்டி முள் தலைகாட்டுகிறது. இதற்கு விலை உண்டு: முள்ளின் அடி இரண்டு கோட்டு அகலத்திலிருந்து நான்காகிறது, உயரம் பாதியாகிறது. உயரத்தை 2-ஆல் பெருக்கிச் சரிசெய்துகொள்ளலாம். "நான் விண்டோவே போடவில்லை" என்று யாரும் சொல்ல முடியாது. துண்டை வெட்டிய நொடியிலேயே செவ்வக விண்டோ (எல்லாவற்றுக்கும் ஒரே எடை) விழுந்தாயிற்று. சுத்தியலால் தட்டிப் பார்க்கும் சோதனையில் மட்டும் ஹான் வேண்டாம். அடி விழும் தொடக்கத்தையே அது அழித்துவிடும்.

சரி, விண்டோ தப்பாகிவிட்டால் வீட்டுக்கு வந்து மாற்றிக்கொள்ளலாம், பதிவு கையில் இருக்கிறது. அலியாசிங், அதாவது சாம்பிள் வேகத்தில் பாதிக்கு மேற்பட்ட அதிர்வு மடங்கிக் குறைந்த அதிர்வெண்ணாக வேஷம் போடுவது, அப்படி இல்லை. இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். எங்கிருந்தோ 1980 ஹெர்ட்ஸ் அதிர்வு ஒன்று வருகிறது என்று வையுங்கள். 2560 சாம்பிளில் அது மடங்கி 580-இல் வந்து உட்காரும், நம் பல் அதிர்வெண்ணின் மடியிலேயே. எந்த விண்டோவாலும் இரண்டையும் பிரிக்க முடியாது.

ஏடிசிக்கு (சிக்னலை எண்களாக்கும் கருவிக்கு) முன்னால், மேல் அதிர்வெண்களைத் தடுக்கும் ஃபில்டர் போடலாம். ஆனால் 1000 ஹெர்ட்ஸ் வரை தொடாமல் விட்டு, 1560-ஐ எட்டுவதற்குள் மற்ற எல்லாவற்றையும் அடக்க வேண்டுமென்றால் (அதற்கு மேலே உள்ளது 1000-க்குக் கீழே மடங்கி வரும்) அந்த சர்க்யூட் லேசுப்பட்டதல்ல. அதற்குப் பதில் 16 மடங்கு, அதாவது நொடிக்கு 40,960 சாம்பிள் எடுங்கள். இதற்குப் பெயர் ஓவர்சாம்பிளிங். இப்போது 1000-க்குக் கீழே மடங்கி வர 39,960-க்கு மேலே உள்ள அதிர்வுதான் வேண்டும். அதைத் தடுக்கச் சாதாரண ஃபில்டர் போதும். அப்புறம் கம்ப்யூட்டருக்குள் டிஜிட்டல் ஃபில்டரால் 1000-க்கு மேலே உள்ளதை அடக்கிவிட்டு, பதினாறுக்கு ஒன்று என்று எடுத்துக்கொள்ளலாம். ஃபில்டர் போடாமல் வெறுமனே பதினைந்தைத் தூக்கி எறிந்தால் அலியாசிங் அப்படியே திரும்பி வரும். பிள்ளைகளின் புரோகிராமில் நான் அடிக்கடி பார்ப்பது இது.

கூடவே ஒரு லாபமும் உண்டு. சாம்பிள் நான்கு மடங்கானால் ஒரு பிட் (அளவீட்டின் நுணுக்கம் இரண்டு மடங்கு), பதினாறு மடங்கானால் இரண்டு பிட் கூடக் கிடைக்கும். 10 பிட் போர்டு வைத்திருப்பவர்கள் 16 அளவீடுகளைக் கூட்டி 4-ஆல் வகுத்தால் 12 பிட். சிக்னலோடு ஏடிசியின் மிகச் சிறிய ஒரு படி அளவுக்காவது இரைச்சல் கலந்திருக்க வேண்டும். ஒரே எண் பதினாறு முறை வந்தால் கூட்டியும் பயனில்லை.

ஓவர்சாம்பிளிங் செய்தால் கோடுகள் நெருங்கும் என்று நம்பிவிடாதீர்கள். 0.8 நொடியில் 32,768 சாம்பிள் எடுத்தாலும் இடைவெளி அதே 1.25 ஹெர்ட்ஸ்தான். பின்னால் சுழி சேர்த்து நீட்டினால் கோடுகள் நெருங்கித் தெரியும், ஆனால் பக்கத்துப் பக்கத்து முட்களைப் பிரிக்கும் திறன் கூடாது. 0.625 வேண்டுமென்றால் 1.6 நொடி பதிவு செய்ய வேண்டும், அந்த நேரம் முழுவதும் ஷாஃப்டின் வேகமும் மாறாமல் இருக்க வேண்டும். காற்று விட்டு விட்டு அடிக்கும் நாளில் வேகம் நிலையாக நிற்கும் துண்டைத் தேடி எடுத்துத்தான் நான் எஃப்எஃப்டி போடுகிறேன்.