வெள்ளை சைக்கிள்

லண்டனில் ஈஸ்ட் ஹாமிலிருந்து ஆல்ட்கேட் வரை வேலைக்குச் சைக்கிளில்தான் போகிறேன். வழியில் ஒரு சிக்னல் அருகே, கம்பித் தடுப்பில் ஒரு வெள்ளை சைக்கிளைக் கட்டி வைத்திருக்கிறார்கள். யாரோ விட்டுப்போன வண்டி என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருநாள் சிவப்பு விழுந்து பக்கத்தில் நின்றபோதுதான் சரியாகப் பார்த்தேன். டயர், சீட், பெடல் எல்லாவற்றுக்கும் ஒரே வெள்ளை. செயின் இல்லை, பிரேக் கம்பி இல்லை. ஹேண்டில்பாரில் செருகிய பிளாஸ்டிக் ரோஜாக்கள் வெயிலில் தேநீர் நிறத்துக்கு வந்திருந்தன. அட்டையில் எழுதியிருந்த பெயர் மழையில் கரைந்துவிட்டது.

சைக்கிளில் வந்தவர் அடிபட்டு இறந்த இடத்தில் இப்படி வைக்கிறார்கள். 2003இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் தொடங்கிய வழக்கம் இது. செயினையும் பிரேக்கையும் கழற்றிவிடுவது திருடர்களுக்குப் பயந்து. அஞ்சலி வண்டியைக்கூட விட்டுவைக்க மாட்டார்கள் போலிருக்கிறது!

படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் எழுத்தறிவு தந்த அறிவொளி இயக்கம் நடந்தபோது சைக்கிள் கற்ற பெண்களில் அவளும் ஒருத்தி. முழங்காலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. "சைக்கிளுக்கு வெள்ளைப் புடவை கட்டிவிட்டார்களா?" என்று கேட்டாள். பிறகு, "நீ ஓரமாகத்தானே போகிறாய், தம்பி?" என்றாள்.

ஓரமாகப் போவதுதான் சிக்கல் என்று அவளுக்கு எப்படி விளக்குவது? போன மார்கழியில் மண் ஏற்றும் லாரி ஒன்று சிக்னலில் நின்றது. அதன் இடது பக்கமாக மெல்ல முன்னேறினேன். பச்சை விழுந்ததும் அது இடப்பக்கம் திரும்பியது. நீண்ட லாரி திரும்பும்போது முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் வராது. மூலையை வெட்டிக்கொண்டு உள்ளே வரும். எனக்கும் கம்பித் தடுப்புக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. சைக்கிளைத் தூக்கி நடைபாதையில் எறிந்துவிட்டு நானும் விழுந்தேன். லாரி நிற்கவில்லை. கோபத்தில் கத்தினேன், ஆனால் அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு நான் தெரிந்திருக்கவே மாட்டேன்.

அலுவலகத்தில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி: "ஹெல்மெட் போட்டிருந்தாயா?" லாரியின் பின்சக்கரத்துக்கு ஹெல்மெட் ஒரு பொருட்டா?

நான் தினமும் கடக்கும் ‘போ’ (Bow) ரவுண்டானாவில் 2011இல் மட்டும் சைக்கிளில் போன இருவர் இறந்தார்கள். அந்த ஆண்டுதான் அங்கிருந்து ஆல்ட்கேட் வரை நீல வண்ணம் பூசி அதைச் சைக்கிள் பாதை என்றார்கள். வண்ணம் யாரைத் தடுக்கும்? 2013 நவம்பரில் இரண்டே வாரத்தில் லண்டனில் சைக்கிளில் போன ஆறு பேர் இறந்தார்கள், ஒருவர் அதே ரவுண்டானாவில். பிறகுதான் திட்டு கட்டிப் பாதையைப் பிரித்தார்கள். ஓட்டுநருக்கு ஜன்னல் வழியே நேரடியாக எவ்வளவு தெரிகிறது என்று 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு நட்சத்திரம் போட்டு, 2021 முதல் அதன்படி லண்டனில் ஓட அனுமதி கொடுக்கிறார்கள். உருப்படியான வேலை, தாமதமாக வந்தது.

இப்போது லாரி நின்றால் அதன் பின்னாலேயே நின்றுவிடுகிறேன். நேற்று அந்த வெள்ளை சைக்கிள் சிக்னலில் எனக்குப் பின்னால் நின்ற இளைஞன் இரண்டு முறை மணியடித்தான். பொறுமையிழந்து, என்னைத் தாண்டி லாரியின் இடது பக்கமாக நுழைந்தான். அதன் பிறகு அவன் தெரியவில்லை. பச்சை விழுந்தது. லாரி நேராகத்தான் போனது.