மாடி அறைக்காரரின் இரண்டாவது ஊசி

வேலூர் தோட்டப்பாளையத்தில் எங்கள் வீட்டு மாடி அறைகள் இரண்டையும், சிகிச்சைக்காக வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு அடுப்பு, பாத்திரங்களோடு வாடகைக்கு விடுகிறோம். வருபவர்களில் பாதிப்பேர் வங்காளிகள் என்பதால், மாலையானால் படிக்கட்டு முழுக்கக் கடுகெண்ணெய் வாசம்தான்.

2022 இறுதியில் மனைவியின் சிகிச்சைக்காக வந்து ஒரு மாதம் தங்கிய வங்கதேசத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர், பேச்சுவாக்கில் தம் கொரோனா தடுப்பூசிச் சான்றிதழைக் கைபேசியில் காட்டினார். முதல் தவணை 2021 மார்ச், இரண்டாவது ஆகஸ்ட். "முதல் ஊசி உங்கள் நாட்டிலிருந்து வந்தது, இரண்டாவது ஜப்பான்காரன் அனுப்பியது" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

2021 ஜனவரியில் 'தடுப்பூசி மைத்ரி' என்ற பெயரில் பூட்டானுக்கும் மாலத்தீவுக்கும் முதலில் ஊசிகளை அனுப்பிய இந்தியா, வங்கதேசத்துக்கும் இலவசமாக முப்பது லட்சத்துக்கும் மேல் கொடுத்தது. அது போக, அந்த நாடு புனேயில் ஊசிகளைத் தயாரிக்கும் சீரம் நிறுவனத்திடம் 3 கோடி ஊசிகளுக்கு விலை பேசியிருந்தது. அதில் 70 லட்சம் போய்ச் சேர்ந்த நிலையில் இங்கே இரண்டாவது அலை எழுந்து ஏற்றுமதி நின்றது. எங்கள் தெருவிலேயே ஆக்சிஜன் சிலிண்டருக்கு ஆள் அலைந்த நாட்கள் அவை. நிறுத்தியதைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் முதல் ஊசி போட்டுக்கொண்டு காத்திருந்தவர்களுக்கு அது வெறும் செய்தி அல்ல. மே மாதமே சீனாவிலிருந்து 5 லட்சம் சினோஃபார்ம் ஊசிகள் டாக்காவில் இறங்கின. காலியான நாற்காலியில் யாராவது உட்காரத்தான் செய்வார்கள்.

உலக சுகாதாரத்தில் இந்தியாவின் செல்வாக்கு தானத்தால் வந்ததாக நான் நினைக்கவில்லை. எச்.ஐ.வி.யின் கதையே அதற்குச் சாட்சி. 1986 இல் சென்னையில் எடுக்கப்பட்ட இரத்த மாதிரிகளை மருத்துவ மாணவி நிர்மலா ரயிலில் வேலூரை ஒட்டிய காட்பாடிக்குக் கொண்டுவந்தார். இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை ஆய்வகத்தில்தான் தெரியவந்தன. பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2001 இல், மேற்கத்திய நிறுவனங்கள் ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் விற்றுக்கொண்டிருந்த எச்.ஐ.வி. கூட்டு மருந்தை 350 டாலருக்குத் தருவதாக இந்திய மருந்து நிறுவனமான சிப்லா அறிவித்தது. மருந்துப் பொருளுக்கே காப்புரிமை தராமல் தயாரிப்பு முறைக்கு மட்டும் தந்த 1970 ஆம் ஆண்டுச் சட்டம்தான் இதற்கு வழிவிட்டது. அது வியாபாரம்தான், லாபமும் உண்டு. ஆனாலும் ஆப்பிரிக்காவில் அது காப்பாற்றிய உயிர்களுக்கு ஈடாக எந்த நன்கொடைப் பெட்டியும் நிற்காது. வேலூர்க் குழந்தைகளிடமும் சோதிக்கப்பட்ட, வயிற்றுப்போக்கைத் தடுக்கும் இந்திய ரோட்டாவாக் சொட்டு மருந்துக்கு, ஐ.நா. அமைப்புகள் வாங்க வழிவிடும் உலக சுகாதார நிறுவனத்தின் முன்தகுதி 2018 இல் கிடைத்ததையும் இந்த வரிசையில்தான் வைப்பேன். படம் ஒட்டி அனுப்பும் நன்கொடைப் பெட்டியைவிட, அடுத்த மாதமும் சரக்கு வரும் என்ற உறுதியே பெரிது என்பது என் கட்சி.

ஆசிரியர் ஊருக்குக் கிளம்பிய அன்று, மனைவிக்கு மூன்று மாதத்துக்கான மாத்திரைகளை வாங்கிவந்து என் அம்மாவின் முன்னால் திண்ணையில் பரப்பி, அட்டை அட்டையாக எண்ணினார். "இது தீர்ந்தால் என்ன செய்வீர்கள் தம்பி?" என்று அம்மா கேட்டதற்கு, கடைக்காரரின் எண்ணைக் குறித்து வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு, அட்டைகளை மறுபடியும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்.