தன் பாடத்தைத் தானே திருத்தியவர்

நமது பாடசாலை மலர்க் குழுவினர் மறக்க முடியாத ஆசிரியரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நமது சரித்திர சேரின் குடையும் சைக்கிளும் போன மலர்களிலேயே வந்துவிட்டன. நான் அவர் சொன்ன ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஹிட்லர் கொன்ற 60 லட்சம் யூதர்கள் பற்றிய பாடத்தில், "தொகையைப் பாடமாக்கி என்ன பிரயோசனம்? அதில ஒருத்தரையாவது ஆரெண்டு அறிஞ்சு வையுங்கோ" என்றார். லண்டன் வந்து, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்கு அந்த ஒருத்தர் கிடைத்தார்.

பெயர் கலோனிமஸ் கல்மான் ஷாபிரா. 1889இல் போலந்தில் பிறந்து, 1913இல் வார்சாவுக்குத் தெற்கே பியசெச்னோ என்ற சிற்றூருக்கு ராபி, அதாவது யூத மதகுரு, ஆனார். 1923இல் வார்சாவில் வேதபாடசாலை தொடங்கினார். 1932இல் மாணவர்களுக்கென்றே ஒரு நூல் எழுதினார்: மாணவன்தான் தனக்கு முதல் ஆசிரியன், ஒவ்வொரு பிள்ளையையும் அதனதன் இயல்பறிந்து வளர்க்க வேண்டும் என்கிறது. நமது காலத்து விடுதியில் யாராவது அதைப் படித்திருந்தால் என் உள்ளங்கை தப்பியிருக்கும்!

1939 செப்டம்பரில் ஜெர்மானியரின் தாக்குதலில் ஒரே மகன், மருமகள், மைத்துனி மூவரையும் இழந்தார். அப்புறமும் ஜெர்மானியர் யூதர்களை அடைத்து வைத்த வார்சா கெட்டோவில், யூதரின் வார ஓய்வு நாளான சபாத்து நாட்களில் பிரசங்கம் செய்தார், பிறகு எழுதியும் வைத்தார். 1941இல் ஹனுக்கா என்ற யூதப் பண்டிகையில் அவர் சொன்னது, இப்படிப்பட்ட துன்பங்கள் நம் முன்னோருக்கும் வந்தவைதான், ஏன் நம்பிக்கை தளர வேண்டும் என்பது. அடுத்த கோடையில் கெட்டோவிலிருந்து சுமார் 2,65,000 பேரை ரயிலேற்றி திரெப்லிங்கா கொலைமுகாமில் கொன்றார்கள். 1942 நவம்பரில் அந்தப் பக்கத்தை மறுபடி எடுத்து ஒரு குறிப்புச் சேர்த்தார்: முன்பு சொன்னது அதுவரை நடந்ததற்கே பொருந்தும், இப்போது நடப்பது போல் ஒருபோதும் நடந்ததில்லை. சொன்னதைச் சாதிக்கிற ஆசிரியர்களை நிறையப் பார்த்திருக்கிறோம். கேட்க மாணவர் யாரும் மிஞ்சாத நிலையிலும் தன் பாடத்தைத் திருத்திய இவரை என்னவென்று சொல்வது!

கையெழுத்துப் பிரதிகளை வரலாற்றாசிரியர் ரிங்கெல்புளூம் கெட்டோவில் நடத்திய இரகசிய ஆவணக் குழுவிடம் கொடுத்தார். அவர்கள் பால் கேனில் அடைத்துப் புதைத்தார்கள். 1943 நவம்பர் 3 அன்று திராவ்னிக்கி முகாமில் மற்றக் கைதிகளோடு அவரையும் சுட்டுக் கொன்றார்கள்.

பிரதிகளைப் பாலஸ்தீனத்திலிருக்கும் தம்பிக்கு அனுப்பும்படி கடிதம் வைத்திருந்தார். 1950 டிசம்பரில் கேன் வெளிவந்தபோது தம்பியும் உயிரோடு இல்லை. பிரசங்கங்கள் 1960இல் இஸ்ரேலில் அச்சாயின, அந்தத் திருத்தக் குறிப்போடு.