துண்டில் தங்கிய வாடை

அக்டோபர் 6, 2024

வீட்டிலேயே செய்த தேங்காயெண்ணெய் சோப்பால் துணி துவைக்கத் தொடங்கி நான்கு மாதங்கள் ஆகின்றன. கடைச் சலவைத் தூளால் விரலிடுக்குகளில் வந்துகொண்டிருந்த அரிப்பும் வெடிப்பும் முற்றிலும் அடங்கிவிட்டதால், அதற்குத் திரும்பிப் போக எனக்கு மனமில்லை. ஆனால், துணிகளில் ஏறியிருக்கும் வாடையை இனியும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. காய்ந்து மடித்து வைத்த துண்டில் எந்த வாடையும் தெரிவதில்லை. குளித்துவிட்டு முகத்தைத் துடைத்து ஈரம் பட்ட மறுகணமே, பழைய எண்ணெயின் சிக்கு வாடையும் மழைக்கால ஈர நாற்றமும் ஒன்றாகக் கிளம்புகின்றன. மகனின் விளையாட்டுச் சட்டையோ, அவன் ஓடி வியர்த்த ஐந்தாவது நிமிடத்திலேயே மூன்று நாள் போட்டுக் கழற்றிய சட்டையைப் போல நாறுகிறது.

அக்டோபர் 9

நாற்றத்துக்கு வினிகர் நல்லது என்று பலரும் சொல்வதைக் கேட்டு, சோப்புக் கரைசலில் துணி ஊறிக்கொண்டிருந்தபோதே ஒரு குவளை வினிகரை ஊற்றினேன். நுரை உடனே அடங்கியது. வெள்ளை வெள்ளையாகப் பிசுபிசுத்த துகள்கள் மிதந்து வந்து துணியில் ஒட்டிக்கொண்டன. சோப்பு என்பது காரமும் எண்ணெயும் சேர்ந்து உண்டானது. அதில் அமிலம் விழுந்தால் சோப்பு முறிந்து, எண்ணெய்ப் பசையுள்ள கொழுப்பு அமிலமாகப் பிரிந்துவிடும். துவைக்க வேண்டிய துணிக்கு நானே எண்ணெய் பூசியிருக்கிறேன்.

அக்டோபர் 12

கோயம்புத்தூரின் எங்கள் பகுதியில் குடிக்கச் சிறுவாணித் தண்ணீரும் புழங்கப் போர் (ஆழ்துளைக் கிணற்றுத்) தண்ணீரும் வருகின்றன. இரண்டையும் இரண்டு கண்ணாடிப் பாட்டில்களில் பாதியளவு நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரே அளவு சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்கினேன். சிறுவாணித் தண்ணீர் கழுத்துவரை நுரைத்து, நுரைக்கு அடியில் தெளிவாகவே நின்றது. போர் தண்ணீரில் நுரை எழும்பவே இல்லை. திரிந்த பாலைப் போலச் சிறுசிறு திப்பிகள் மிதந்து, சற்று நேரத்தில் பாட்டிலின் உட்புறத்தில் சாம்பல் நிற வளையமாகப் படிந்தன. விரலால் தேய்த்துப் பார்த்தேன்: மெழுகு போல வழுக்கியது, தண்ணீர்விட்டு அலசியும் போகவில்லை.

போர் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத கசடாகிவிடுகின்றன. குடிநீரில் இவை உண்டாக்கும் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை ஏற்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. எங்கள் கிணற்றின் அளவை நான் சோதிக்கக் கொடுத்ததில்லை, ஆனால் அந்த வளையம் போதுமான சாட்சி. நான்கு மாதங்களாக ஒவ்வொரு சலவையிலும் இந்தக் கசடு துண்டின் நூலிழைகளுக்குள் படிந்து, உடம்பின் எண்ணெயையும் வியர்வையையும் பிடித்து வைத்திருக்கிறது. துண்டு தண்ணீரை உறிஞ்சாமல் தள்ளுவது ஏன் என்பதும் இப்போது விளங்குகிறது.

அக்டோபர் 13

மூன்றாவது பாட்டிலில், போர் தண்ணீரில் முதலில் சலவைச் சோடாவைக் கரைத்துப் பத்து நிமிடம் விட்டுவைத்தேன். தண்ணீர் சுண்ணாம்பு கலந்ததைப் போல மங்கியது. அதன் பிறகு சோப்பைப் போட்டுக் குலுக்கியதும் நுரை பொங்கியது. சோடா கால்சியத்தைத் தன்னோடு சேர்த்துச் சுண்ணாம்புக் கசடாக்கிவிடுவதால், சோப்பு தப்பிக்கிறது. ஆகவே சோடா முந்த வேண்டும், சோப்பு பிந்த வேண்டும்.

அக்டோபர் 16

வீட்டிலிருந்த பருத்தித் துண்டுகள் அத்தனையையும், ஒரு வாளித் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்து, சோப்பே இல்லாமல் ஒரு மணி நேரம் ஊறவைத்தேன். அமிலம் கால்சியத்தைப் பிரித்தெடுத்துக்கொள்ள, துணியில் கொழுப்பு அமிலம் மட்டும் மிஞ்சும். நன்றாக அலசிய பிறகு, கை பொறுக்காத சூட்டில் சோடாத் தண்ணீரில் மூன்று மணி நேரம் போட்டு வைத்தேன். அந்தக் கொழுப்பு அமிலம் காரத்தோடு சேர்ந்து மறுபடியும் சோப்பாகிக் கரைந்து வெளியேற வேண்டும் என்பது கணக்கு. வெளுத்த துண்டுகள் என்று நினைத்திருந்தவற்றிலிருந்து இறங்கிய தண்ணீர், அரிசி கழுவிய நீரில் கரியைக் கலந்ததைப் போல இருந்தது. வினிகரைப் பிழையாகக் கையாண்ட அன்று அமிலத்தையே குறை சொன்னேன். குறை என் வரிசையில்தான் இருந்திருக்கிறது.

அக்டோபர் 20

சிக்கு வாடை போய்விட்டது, ஈர நாற்றம் இன்னும் இலேசாக இருக்கிறது. இது வேறு சரக்கு. துவைத்த துணியின் இந்த நாற்றத்துக்கு மொராக்செல்லா ஒஸ்லோயென்சிஸ் என்ற நுண்ணுயிரி காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்டார்கள். வியர்வையும் கொழுப்பும் தங்கிய துணியில் அது வளர்ந்து, நாறும் அமிலம் ஒன்றை உண்டாக்குகிறது. காய்ந்தாலும் வெயில் பட்டாலும் எளிதில் சாவதில்லை. இரண்டு முறை மொட்டை மாடி வெயிலில் போட்டும் பயனில்லாமல் போனதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. வெயிலுக்கு அசையாததைச் சூட்டால்தான் அசைக்க வேண்டும்.

அப்போது எங்கள் பாட்டி ஊரின் வெள்ளாவி நினைவுக்கு வந்தது. சலவைத் தொழிலாளர்கள் உவர்மண் கரைசலில் துணியை முக்கிப் பிழிந்து, தண்ணீர் கொதிக்கும் பானையின்மேல் அடுக்கி மூடி, இரவெல்லாம் ஆவியில் வேக வைத்து, விடிந்ததும் துறையில் அடித்து அலசுவார்கள். உவர்மண்ணின் காரம் அழுக்கையும் எண்ணெயையும் எடுத்தது, ஆவி நுண்ணுயிரைக் கொன்றது. நான் பாட்டில் வைத்துத் தடவித் தடவிக் கண்டுபிடித்ததை அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கைத்தொழிலாகவே வைத்திருந்தார்கள் என்பதை மனமார எழுதி வைக்கிறேன்.

பரணில் கிடந்த பழைய இட்லிக் கொப்பரையை இறக்கி, சோடாத் தண்ணீரில் பிழிந்த வெள்ளைத் துண்டுகளை அதில் நாற்பது நிமிடம் அவித்தேன். மூடியைத் திறந்ததும் ஆவியோடு கடைசியாக ஒருமுறை அந்த நாற்றம் அடித்தது.

அக்டோபர் 27

புதுச் சோப்பு ஊற்றினேன். தேங்காயெண்ணெய் ஒரு கிலோவுக்கு முழுமையாக வினைபுரிய சோப்புக்கான காரமான காஸ்டிக் சோடா 183 கிராம் வேண்டும். நான் இதுவரை குளியல் சோப்பின் கணக்கில் 170 கிராம்தான் போட்டுவந்தேன். ஏறத்தாழ ஏழு சதவீத எண்ணெய் வினைபுரியாமல் நின்று, தோலுக்கு நன்மையாகவும் துணிக்குக் கேடாகவும் இருந்திருக்கிறது. இம்முறை 181 கிராம். தண்ணீரில்தான் காஸ்டிக் சோடாவைப் போட வேண்டும், ஒருபோதும் அதன்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. கையுறையும் கண்ணாடியும் அணிந்தே செய்தேன்.

நவம்பர் 1

தீபாவளிப் பலகாரம் சுட்ட எண்ணெய் முக்கால் லிட்டர் மிஞ்சியது. முன்பெல்லாம் இதை வடிகட்டிச் சோப்புக்கு எடுத்து வைத்துவிடுவேன். கொதித்துக் கொதித்துச் சிக்கடிக்கத் தொடங்கிய எண்ணெயைத் துணியில் தேய்ப்பதில்லை என்று முடிவு செய்து, இனி அதைப் பாத்திரம் துலக்கும் சோப்புக்கு மட்டுமே ஒதுக்குகிறேன்.

நவம்பர் 28

நான்கு வாரம் காய்ந்த புதுச் சோப்பால், முதலில் சோடா கரைத்த தண்ணீரில் துவைத்தேன். மூன்று நாள்களாகத் தூறல். துண்டுகள் கூடத்து மின்விசிறியின் கீழ்தான் காய்ந்தன. இன்று காலை ஒன்றை வேண்டுமென்றே நனைத்து, பிழிந்து, முகத்தோடு வைத்து மூச்சை இழுத்தேன்: தண்ணீரின் வாசம் மட்டுமே.

மகனின் விளையாட்டுச் சட்டை பாலியஸ்டர். அந்த இழை உடம்பின் எண்ணெயை இழுத்துப் பிடித்துக்கொள்வது, ஆவியில் வைத்தால் சுருங்கி உருக்குலையக்கூடும். எலுமிச்சை உப்பும் வெதுவெதுப்பான சோடாத் தண்ணீரும் பாதி வாடையைத்தான் எடுத்திருக்கின்றன. நாளை முதல் விளையாடி வந்தவுடனே, வியர்வை காயும் முன் அதை அலசிப் போடச் சொல்லியிருக்கிறேன்.